இரண்டு கட்டிலுக்கு நடுவுல எவ்வளவு இடம்?

1/
வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு நல்லா தெரிஞ்ச சிப்காட் தொழிற்பூங்கா. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே ஒரு தொழிலாளர் குடியிருப்பைத் திறந்து வைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். 18,720 படுக்கைகள். தங்குவது ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள்.

எல்லாரும் 18,720-ஐப் பார்த்தாங்க. ஒரு டாக்டரா என் கண் போனது வேற எண்ணுக்கு. அறைக்கு 6 பேர்.

ஏன் 16 இல்லை? ஏன் 30 இல்லை? இந்தக் கேள்விக்குப் பின்னாடி 160 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
கதை தொழிற்சாலையில் தொடங்கல. ராணுவத்தில் தொடங்குது.

கிரிமியப் போர் முடிந்ததும் 1857-ல் பிரிட்டனில் ஒரு ராயல் கமிஷன் போட்டாங்க. பின்னணியில் உழைத்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கணக்கெடுத்துப் பார்த்தால் அதிர்ச்சி. போரே இல்லாத காலத்தில், உள்ளூர் பாசறையில் தூங்கும் சிப்பாய்கள் அதே வயது பொதுமக்களைவிட அதிகமா செத்துக்கிட்டு இருந்தாங்க. அத்தனை பேரும் உடல்தகுதி பார்த்துப் பொறுக்கி எடுத்த இளைஞர்கள்!

முக்கியமான காரணம் நெஞ்சு நோய்கள், குறிப்பா காசநோய். ஜன்னல் மூடிய அறை, நெருக்கிப் போட்ட கட்டில்.

3/
அடுத்து இந்தியாவுக்கும் ஒரு கமிஷன். 1863-ல் அறிக்கை வந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாவு. பெரும்பாலும் காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். எதிரியின் குண்டைவிட பாசறையின் தண்ணீரும் சாக்கடையும்தான் அதிகம் கொன்றது.

இந்தக் கமிஷன்களின் காலத்தில்தான் "ஒரு ஆளுக்கு இத்தனை கன அடி காற்று" என்று பாசறைக்கு அளவு விதிச்சாங்க. இங்கிலாந்தில் அது 600 கன அடி. தூங்கும் இடத்துக்கு எண்ணால் எல்லை போட்டது அப்படித்தான்.

4/
முதல் உலகப்போர் வந்தது. புதுசா சேர்ந்த ஆட்களை வைக்க இடம் இல்லை. கட்டிலுக்குக் கட்டில் 3 அடி இருக்கணும்னு விதி. அது ஒரு அடிக்கும் கீழே சுருங்கிப் போச்சு. மூளைக்காய்ச்சல் கிளம்பியது.

கேட்டர்ஹாம் பாசறையில் குளோவர் என்ற ராணுவ மருத்துவர் ஒரு எளிய வேலை செய்தார். சிப்பாய்களின் தொண்டையில் பஞ்சு வைத்துத் துடைத்து, எத்தனை பேர் அந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள் என்று பார்த்தார். கட்டில் நெருங்க நெருங்க, கிருமி சுமப்பவர்கள் 20 சதவீதத்துக்கு மேல் போனார்கள். அதன் பிறகு நோய் வெடித்தது.

கட்டில்களை இரண்டரை அடி தள்ளிப் போடச் சொன்னார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். சில வாரங்களில் அந்த எண்ணிக்கை இறங்கியது.

ஆன்டிபயாட்டிக் கிடையாது. தடுப்பூசி கிடையாது. வெறும் இரண்டரை அடி!

5/
இப்போ நியாயமா ஒரு கேள்வி வரும். சிப்பாய்க்குக் கிடைத்த அந்த அளவு, மில் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கல?

சிப்பாய் செத்தால் அரசுக்கு நேரடி நஷ்டம். அதனால் எண்ணினார்கள். தொழிலாளி இரவில் எங்கே தூங்குகிறார் என்பது யார் கணக்கிலும் வரல. நோய் ஊருக்குள் பரவும்போது மட்டும் கணக்கில் வந்தது.

6/
1896, பம்பாய். மாண்ட்வி பகுதியில் பிளேக் தொடங்கியது. மில் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். மில்கள் திணறின. அப்போதான் சால் எனப்படும் ஒற்றை அறைக் குடியிருப்புகள் அதிகாரிகள் கண்ணுக்குத் தெரிந்தன. 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். காற்றோட்டம் இல்லாத வீடுகளை இடித்தார்கள். இடித்த வேகத்தில் கட்டல. வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துச் சந்தில் இன்னும் நெருக்கமாகக் குடியேறினார்கள்.

1920-களில் பி.டி.டி. சால்கள் வந்தன. வொர்லி, நைகாம், சிவ்ரி, டிலைல் ரோடு என்று நான்கு இடங்களில் 207 கட்டடங்கள். ஒரு அறை 160 சதுர அடி. மாடிக்கு ஒரு பொதுக் கழிப்பறை வரிசை. வரைபடத்தில் ஒரு அறைக்கு ஒரு குடும்பம். நடைமுறையில் குடும்பம், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மச்சான், அவனோட நண்பன்.

இந்த இடத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. வரைபடத்தில் இருக்கும் எண் வேற. ராத்திரி 2 மணிக்கு அந்த அறையில் தூங்கும் எண் வேற. நோய்க்குத் தெரிவது இரண்டாவது எண் மட்டும்தான்.

7/
நம்ம ஆட்கள் கதையும் இதுதான். இலங்கை மலையகத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் கட்டிய லயங்கள். ஒரே கூரை, வரிசையாக ஒற்றை அறைகள், வீட்டுக்கு ஒரு கதவு. தோட்டத் தொழிலாளர்களின் மருத்துவத்துக்கு இலங்கையில் 1872-லேயே சட்டம் வந்தது. ஆனால் இன்றைக்கும் மலையகத்தில் லயத்தில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. மருந்து கொடுப்பது எளிது, அறையைப் பெரிதாக்குவது கஷ்டம்.

8/
சுதந்திரம் வந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. வேலை செய்யும் கூடத்தில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் இருக்கணும் என்று எழுதி வைத்தது. பழைய கணக்கில் 500 கன அடி.

ஆனா அந்தச் சட்டம் ஆலை கேட்டோடு நின்றுவிட்டது. எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் கூடத்துக்கு அளவு இருந்தது. அதே தொழிலாளி எட்டு மணி நேரம் மூச்சுவிட்டுத் தூங்கும் அறையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

9/
அப்படியே ஸ்ரீபெரும்புதூருக்கு வாங்க. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2006-ல் நோக்கியா. அப்புறம் ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசை. சாலை வந்தது, மின்சாரம் வந்தது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள்.

எங்கே தூங்குவார்கள்? அதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள். சுற்றியுள்ள ஊர்களில் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை எழுந்தது. கல்யாண மண்டபமும் கல்லூரிக் கட்டடமும் விடுதியாச்சு. பெண்களை கம்பெனி பஸ் தூரத்து விடுதிகளிலிருந்து ஏற்றி இறக்கியது. எட்டு மணி நேர ஷிஃப்ட், முன்னும் பின்னும் பயணம். தூக்கம் கரைந்தது.

10/
2020. கோவிட். உலகத்துக்கே பாடம் எடுத்தது சிங்கப்பூர்.

நகரத்தில் தொற்று கட்டுக்குள் இருந்தது. தொழிலாளர் விடுதிகளில் வெடித்தது. ஒரு அறைக்கு 12, 16 பேர். அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று அந்த ஆண்டு டிசம்பரில் அரசே சொன்னது. அவர்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் ஏராளம். இளம் வயது என்பதால் பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

2021 செப்டம்பரில் புதிய விதி வந்தது. புதுசா கட்டும் விடுதியில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். 6 பேருக்கு ஒரு கழிப்பறை, அதுவும் அறையோடு சேர்ந்து. கட்டிலுக்குக் கட்டில் 1 மீட்டர்.

குளோவர் சொன்ன இரண்டரை அடி ஞாபகம் இருக்கா? நூறு வருஷம் கழித்து அதே பாடம். 1 மீட்டர்.

11/
அதே 2020-ல் நம்ம நாட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகை கொடுக்க முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். ஜூலையில் ஒன்றிய அரசு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

2021 டிசம்பர். பூந்தமல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்காமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்து அந்தச் சமையலறையை மூடினார்கள். எலி, சரியில்லாத வடிகால். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

ஒரு விடுதிச் சமையலறை உலகத்தின் ஐபோன் வரிசையை நிறுத்திக் காட்டியது.

12/
இவ்வளவுக்கும் பிறகுதான் வல்லம் வடகால் கட்டடம். கணக்கைப் பாருங்க.

13 பிளாக். பிளாக்குக்கு 240 அறை. அறைக்கு 6 பேர். பிளாக்குக்கு 1,440. மொத்தம் 18,720.

706.50 கோடியில் 498 கோடி ஸ்டேட் வங்கிக் கடன். 37.44 கோடி ஒன்றிய அரசின் மானியம், அதாவது படுக்கைக்கு 20,000 ரூபாய். மொத்தச் செலவை வகுத்தால் ஒரு படுக்கைக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம். ஒரு தொழிலாளி கௌரவமாகத் தூங்க ஆகும் விலை அது. அதிகம்னு எனக்குத் தோணல.

இதை மனசாரப் பாராட்டணும். தொழிற்பூங்காவுக்குள்ளேயே வீடு வந்திருக்கு. பயண நேரம் தூக்கமா மாறுது.

13/
சரி, பிரச்சினை தீர்ந்ததா? இங்கதான் நிதானம் வேணும்.

ஒரு கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கொடுக்கும்போது என்ன பார்ப்பார்கள்? மனை அளவு, உயரம், சுற்றிலும் விடும் இடம், தீயணைப்பு வண்டி வர வழி, மாடிப்படி, கழிவுநீர். எல்லாமே உயிர் காக்கும் விஷயங்கள். ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனா அனுமதி கொடுப்பது காகிதத்தில் இருக்கும் கட்டடத்துக்கு. மூன்று வருஷம் கழித்து ஆர்டர் குவிந்து, ஆள் தேவை கூடி, 6 பேர் அறையில் 10 பேர் படுத்தால்? ஒரே கட்டிலில் பகல் ஷிஃப்ட் ஒருவர், இரவு ஷிஃப்ட் ஒருவர் தூங்கினால்? வரைபடம் மாறியிருக்காது. பி.டி.டி. சால் கதைதான் திரும்பும்.

14/
சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டது. 2015-லேயே விடுதி நடத்துவதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது 1,000 படுக்கை அல்லது அதற்கு மேல் உள்ள விடுதிகளுக்கு மட்டும். சின்ன விடுதிகள் வெளியே நின்றன. கோவிட் பாடத்துக்குப் பிறகு, 2023 ஏப்ரலில் இருந்து 7 படுக்கை இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தும். கட்ட ஒரு அனுமதி, நடத்த ஒரு உரிமம். இரண்டும் வேற வேற.

தமிழ்நாட்டிலும் 2014-ல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருக்கு. உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது. நல்ல சட்டம். உரிமம் கொடுத்த பிறகும் ஆண்டுதோறும் யாராவது கட்டிலை எண்ணணும், தண்ணீரைச் சோதிக்கணும். பெரிய கட்டடத்தில் மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மாடிக் கொட்டகையிலும்.

15/
தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வீடு என்பதால் இன்னொன்று. 1984 டிசம்பர் 2 இரவு, போபால். யூனியன் கார்பைடு சுவரை ஒட்டிய குடியிருப்புகளில் இருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள், தூக்கத்திலேயே. வல்லம் வடகாலில் இருப்பது வாகனம், மின்னணுவியல் மாதிரியான ஆலைகள். அந்த ஆபத்தோடு இதை ஒப்பிடுவது சரியில்லை. ஆனா 18,720 பேர் தூங்கும் இடத்துக்குப் பக்கத்து மனையில் நாளைக்கு என்ன ஆலை வரலாம், என்ன வரக்கூடாது என்பதும் இனிமேல் வீட்டுப் பிரச்சினைதான்.

16/
ஒரு அளவுகோல் சொல்றேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நம்ம நாட்டு விதிமுறை. 18,720 பேர் என்றால் அது விடுதி இல்லைங்க, ஒரு ஊர். ஆனா முதியவர் இல்லாத, குழந்தை இல்லாத, கிட்டத்தட்ட ஒரே வயதுப் பெண்கள் மட்டும் வாழும் ஊர். பொதுச் சமையல், பொதுத் தண்ணீர். தப்பு நடந்தால் ஒரே நாளில் எல்லாருக்கும் நடக்கும்.

17/
உங்க மகளோ தங்கச்சியோ இந்தப் பக்கம் விடுதியில் சேர்கிறாள் என்றால், கேட்க வேண்டியவை:

• அறையில் எத்தனை கட்டில்? எத்தனை பேர்? இரண்டும் ஒரே எண்ணா?
• கட்டிலுக்கு நடுவே கையை நீட்டினால் பக்கத்துக் கட்டில் இடிக்குதா?
• ஜன்னல் திறக்குமா? திறந்தால் காற்று வருமா, சுவர் வருமா?
• எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை? ஷிஃப்டுக்கு முன்னாடி வரிசை எவ்வளவு நேரம்? அடக்கி அடக்கி வைத்தால் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடுது.
• தொட்டியை எப்போ கழுவினாங்க? குளோரின் போடறாங்களா?
• ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்குச் சோறு எப்போ வடிச்சது? மணிக்கணக்கில் வெளியே இருந்த சோற்றில் உருவாகும் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.
• காய்ச்சல் வந்தால் தனியே படுக்க அறை உண்டா? அன்றைய சம்பளம் வெட்டு ஆகுமா? வெட்டு ஆனால் யாரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டாங்க.
• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு யார் அனுப்புவார்கள்?

கூச்சப்படாம கேளுங்க. வாடகை கொடுக்கறது நாம.

18/
பாசறை, பிளேக், கோவிட். எல்லாக் கதையிலும் வரிசை ஒன்றுதான். முதலில் நெரிசல், பிறகு நோய், அதன் பிறகு விதி. வல்லம் வடகாலில் நல்ல கட்டடம் முதலில் வந்திருக்கிறது. அறைக்கு 6 என்பது அடுத்த ஆர்டர் நெருக்கடியிலும் 6-ஆகவே இருந்தால், வரிசையை நாம மாத்திட்டோம்னு அர்த்தம்.

அதை எண்ணிப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டாம். ஒரு அளவு டேப்பும், ராத்திரியில் கதவைத் தட்ட உரிமை உள்ள ஒரு அதிகாரியும் போதும்.

விடுதியில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்புங்க.