பத்துச் சகோதரிகளின் வரலாறு



சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கியது. பத்து வயதான என் இளைய மகள் பட்டணத்துக் கடையொன்றிலே ஒரு சோடிக் குருவிகளைக் கண்டுவிட்டு வந்தாள். வெள்ளையும் மண்ணிறமும் கலந்தவை. கைக்குள் அடங்கிவிடும் அளவானவை. கடைக்காரர் அவற்றைப் 'பெங்கலீஸ்' என்று சொன்னாராம். "அப்பா, கூட்டையும் சேர்த்துத் தருவினமாம்" என்றாள். "ஒரு கிழமை பொறு பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். எங்கள் வீட்டில் இதுவரை எந்தப் பறவையும் வளர்ந்ததில்லை. ஆகையால் அந்தக் கிழமையை நான் கூடு தேடுவதிற் செலவிடவில்லை. அக்குருவியின் வரலாற்றைத் தேடுவதிற் செலவிட்டேன். அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தமிழாசிரியனுக்கு எதுவும் ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்கும். பறவை தன் முட்டைக்கும் குஞ்சுக்கும் கட்டுவது கூடு. அப்பறவையை அடைத்துவைக்க நாம் கம்பியாலே செய்வதும் கூடு. உயிர் தங்கியிருக்கும் இந்த உடம்பையும் கூடு என்கிறோம். வினைச்சொல்லாக வரும்போதோ, கூடு என்பது சேர்ந்திரு என்று பொருள்படும். இந்த நான்கு பொருளும் ஒரு சிறு குருவியின் கதைக்குள் எவ்வாறு வந்து பொருந்துகின்றன என்பதைப் பின்னர் காண்போம்.

பண்டைத் தமிழ் மகளிர் கிளியையும் பூவையையும் வளர்த்தார்கள் என்பதற்கு நம் இலக்கியங்களிற் சான்றுகள் பல உண்டு. பேசப் பழக்கலாம் என்பதால் அவை வீட்டுக்குள் வந்தன. தானியம் கொறிக்கும் சின்னஞ்சிறு குருவிகளுக்கு அந்த வரவேற்புக் கிடைக்கவில்லை. தினைப்புனத்திலே பரண்மேல் இருந்து புள் ஓட்டும் பெண்ணைத்தான் குறிஞ்சித் திணை நமக்குக் காட்டுகிறது. வள்ளியின் கதையும் அத்தகைய ஒரு புனத்திலேதான் நிகழ்கிறது. தானியமுண்ணும் பறவை நமக்கு விருந்தாளியன்று, கவண்கல்லுக்கு இலக்கு.

அவ்வாறு விரட்டப்பட்ட குருவிகளுள் ஒன்று வெண்முதுகுச் சில்லை. இலங்கையின் ஈரவலயத்து வயல்களிலும் தோட்டங்களிலும் இதனைக் காணலாம். கரும்பழுப்பு உடல், தடித்த குறுகிய அலகு, பறக்கும்போது முதுகின் பின்புறத்தில் தெரியும் ஒரு வெள்ளைப் பட்டை. கூட்டமாக வந்து நெற்கதிரிலும் புல்லின் விதையிலும் இறங்கும். இந்தியாவிலிருந்து தென்சீனம் வரையிலும் இவ்வினம் பரந்து வாழ்கிறது. என் மகள் கடையிற் கண்ட குருவி இந்தச் சில்லையின் வழித்தோன்றலே. ஆனால் அது நம் வயலிலிருந்து அந்தக் கடைக்கு வரவில்லை. அது வந்த வழி மிக நெடியது.

அக்காலத்து யப்பான் வெளியுலகுக்குத் தன் கதவை ஏறக்குறைய முற்றாக அடைத்திருந்தது. கியூஷூத் தீவிலுள்ள நாகசாகித் துறைமுகத்திலே சீனக் கப்பல்களும் ஒல்லாந்துக் கொம்பனியின் கப்பல்களும் மாத்திரம் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்பட்டன. அந்தக் கொம்பனி நமக்கும் அந்நியமானதன்று. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்து ஆண்டதும் அதுவே. பட்டும் சர்க்கரையும் புத்தகங்களும் வந்த அத்துறைமுகத்தில் அபூர்வப் பறவைகளும் வந்திறங்கின. 1763 ஆம் ஆண்டளவில் கியூஷூவின் சிற்றரசர் ஒருவர் சீனத்திலிருந்து வெண்முதுகுச் சில்லைகளை வரவழைத்தார் என்பது யப்பானியப் பறவை வளர்ப்பு வரலாறு தரும் செய்தி.

நிறத்திலோ குரலிலோ பெருஞ்சிறப்பில்லாத இக்குருவி அங்கே நிலைத்துவிட்டதற்குக் காரணம் அதன் குணம். பல சோடிகளை ஒரே கூட்டில் விட்டாலும் பெரிய சண்டையில்லை. இரவானதும் எல்லாம் ஒரே கூட்டுக்குள் நெருங்கிப் படுத்துக்கொள்ளும். யப்பானியர் இதற்கு இட்ட பெயர் 'ஜூஷிமாத்சு'. அப்பெயரை எழுதும் எழுத்துக்களுக்குப் 'பத்துச் சகோதரிகள்' என்பது பொருள். நாம் வழங்கும் 'பெங்கலீஸ்' என்னும் பெயரோ ஐரோப்பியர் செய்த தவறு. வங்காளத்துக்கும் இந்த வளர்ப்புக் குருவிக்கும் பிறப்புத் தொடர்பு எதுவுமில்லை.

தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் எதைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நன்றாக அடைகாக்கும் சோடியை, குஞ்சைக் கைவிடாத சோடியை அவர்கள் விரும்பி வைத்துக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளை இறகுடைய குஞ்சுகள் தோன்றின. அவற்றையும் பேணிப் பெருக்கினர். வளர்ப்பு முறையும் வளர்ந்தது. வைக்கோலாற் பின்னிய குடம் போன்ற ஒரு கூட்டை உள்ளே கட்டிவிடுவார்கள். இக்குருவிகள் முட்டையிடாத காலத்திலும் கூட்டுக்குள்ளேதான் உறங்கும் என்பதால் அது ஆடம்பரமன்று, அவசியம். குஞ்சு வளரும் காலத்திலே தினையரிசியில் முட்டை மஞ்சட்கருவைப் பிசறி உலர்த்திக் கொடுப்பார்கள். பச்சைக் கீரையும், சுண்ணாம்புச் சத்துக்காக இடித்த சிப்பி ஓடும் வைப்பார்கள். நம் கடற்கரைகளிலே ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இக்குருவியில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. பாடுவது ஆண் மாத்திரமே. ஆதலாற் கடையிலே 'சோடி' என்று தருவது இரண்டு ஆண்களாகவோ இரண்டு பெண்களாகவோ இருக்கவும் கூடும். பாட்டைக் கேட்டே அறிய வேண்டும். உண்மையான சோடியாயின் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். ஏறக்குறையப் பதினாறு நாளிற் குஞ்சு வெளிவரும்.

பிறர் குஞ்சையும் தன் குஞ்சாக வளர்க்கும் இக்குணமே இதனை உலகெங்கும் கொண்டுசென்றது. அவுஸ்திரேலியாவின் வண்ணக் குருவிகள் ஐரோப்பியச் செல்வர் வீடுகளிற் புகழ்பெற்றிருந்தன. 1960 இல் அந்நாடு தன் காட்டுப் பறவைகளின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதன்பின் கூட்டிலே பிறந்த குருவிகளையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. தம் முட்டையைப் பேணத் தவறிய அந்த வண்ணக் குருவிகளுக்குப் பத்துச் சகோதரிகள் செவிலித் தாயரானார்கள்.

இச்செவிலி வளர்ப்பில் ஓர் உண்மை வெளிப்பட்டது. கிளவுஸ் இம்மல்மன் என்னும் ஜேர்மனிய அறிஞர் 1960 களில் அவுஸ்திரேலிய வரிக்குருவியின் குஞ்சுகளை இச்செவிலிகளிடம் வளரவிட்டு ஆராய்ந்தார். வளர்ந்த ஆண் குஞ்சுகள் செவிலித் தந்தையின் பாட்டையே பாடின. துணை தேடியபோதும் செவிலியின் இனத்தையே நாடின. இரத்தம் ஓரினம், பாட்டு மற்றோரினம். பாட்டென்பது குருவிக்குப் பிறவியிலே முழுதாகக் கிடைப்பதன்று. குஞ்சு முதலில் மழலை போல உளறி, தந்தையின் பாட்டைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, ஏறக்குறைய நான்கு மாதத்தில் தன் பாட்டை நிலைப்படுத்திக்கொள்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளிலே பிறந்து வேற்றுமொழி பேசி வளரும் நம் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இச்செய்தியை நான் படித்தேன். கேட்கத் தந்ததையே குஞ்சு பாடும்.

இதனினும் வியப்பானது யப்பானிய ஆராய்ச்சியாளர் கசுவோ ஒகனோயாவும் அவருடைய மாணாக்கரும் கண்டறிந்தது. காட்டுச் சில்லையின் பாட்டையும் வீட்டுச் சகோதரிகளின் பாட்டையும் அவர்கள் ஒப்பிட்டனர். காட்டுக் குருவியின் பாட்டு எளியது. ஒரே ஒழுங்கில் வருவது. வீட்டுக் குருவியின் பாட்டிலோ ஒலிகள் பலவாறு மாறி அடுக்குகின்றன. ஒரே குருவி இன்று ஒருவாறும் சற்றுப் பின்னர் வேறொருவாறும் தொடுக்கிறது. வளர்த்தவர் எவரும் பாட்டுக்காக இதனைத் தெரிந்தெடுக்கவில்லை. அவ்வாறிருக்கப் பாட்டு எவ்வாறு வளர்ந்தது?

அவர்கள் தரும் விளக்கம் இது. காட்டிலே பருந்துக்கும் பாம்புக்கும் அஞ்ச வேண்டும். இரை தேட வேண்டும். பக்கத்திலே வாழும் பிற சில்லை இனங்களிலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டவும் வேண்டும். ஆகவே பாட்டு தெளிவாகவும் சுருக்கமாகவும் இருத்தலே பாதுகாப்பு. வீட்டிலே அந்த நெருக்குதல்கள் நீங்கின. உடம்பிலே அச்சத்தையும் அழுத்தத்தையும் காட்டும் சுரப்பும் வீட்டுக் குருவிக்குக் குறைவாகவே காணப்பட்டது. பெண் குருவியோ சிக்கலான பாட்டைக் கேட்டபோது கூடுகட்டுவதிற் கூடிய ஊக்கம் காட்டியது. அச்சம் தணிந்த இடத்திலே பாட்டு விரிந்தது. போர்க்காலத்தில் வாழ்ந்த நமக்கு இந்த வாக்கியத்தை விளக்கவேண்டியதில்லை.

அப்படியாயிற் கூடு நல்லதென்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மனிதன் கையிலே வாழ்ந்த இக்குருவியைத் திறந்துவிடுவது அதற்கு விடுதலையாகாது. பருந்தை அறியாது, இரை தேடப் பழகாது வளர்ந்த உயிர் அது. அதன் அச்சத்தையெல்லாம் நாம் வாங்கிக்கொண்டோம். வாங்கியவர் அதற்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டுமல்லவா? அதனை ஏற்கத் தவறிய ஒருவரின் வாக்குமூலம் யப்பானிய இலக்கியத்திலேயே இருக்கிறது.

நத்சுமே சோசெகி நவீன யப்பானிய இலக்கியத்தின் பேராசான்களுள் ஒருவர். 1908 இலே பத்திரிகையொன்றுக்கு அவர் எழுதிய சிறு படைப்பு 'புன்ச்சோ'. புன்ச்சோ என்பது யாவாக் குருவி. சில்லையின் நெருங்கிய உறவு. மாணாக்கர் ஒருவர் வந்து குருவி வளர்க்கும்படி தூண்டுகிறார். எழுத்தாளர் இணங்குகிறார். கூடு வருகிறது, குளிருக்கு அடக்கமாக இரவில் அதனை வைக்க ஒரு பெட்டியும் வருகிறது, தினை வருகிறது. எப்போது தீனி வைப்பது, எப்போது நீர் மாற்றுவது என்ற அறிவுரைகளும் வருகின்றன. ஆயத்தத்தில் எக்குறையும் இல்லை. வெண்ணிறமான அந்த ஒற்றைக் குருவியின் அழகில் அவர் ஈடுபடுகிறார். முன்னர் அறிந்த ஒரு பெண்ணின் நினைவும் வருகிறது. ஆனால் எழுத்து வேலை மிகுதி. காலையில் எழும்பச் சுணங்குகிறது. தீனி வைப்பதை வீட்டாரில் ஒருவர் மற்றவர் பொறுப்பென்று விட்டுவிடுகின்றனர். ஒருநாள் வெளியே போய்த் திரும்பியபோது தீனிக் கிண்ணமும் நீர்க் கிண்ணமும் வெறுமையாக இருக்கின்றன. குருவி இறந்து கிடக்கிறது. அவர் வேலைக்காரச் சிறுமியைக் கோபிக்கிறார். வீட்டார் தீனி வைக்கவில்லை என்று மாணாக்கருக்குக் கடிதமும் எழுதுகிறார்.

தன்னைப் பற்றி எழுதும் ஒருவர், பிறர்மேற் பழிபோட்ட தன் கோலத்தை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அதுவே அப்படைப்பின் பெருமை. கூடு வாங்கும் ஆயத்தம் ஒரு நாளில் முடிந்துவிடும். நாள்தோறும் நினைவில் வைத்திருக்கும் ஆயத்தத்துக்கு முடிவே இல்லை. இத்தனை சிறிய உடம்புக்கு ஒரு நாட் பட்டினியே ஆபத்து. அதிலும் ஒரு வஞ்சம் உண்டு: தினையைக் கொறித்தபின் உமியை அக்கிண்ணத்திலேயே விடுவது இக்குருவிகளின் வழக்கம். மேலோட்டமாகப் பார்ப்பவனுக்குக் கிண்ணம் நிறைந்தது போலத் தோன்றும். ஊதிப் பார்த்தாலே உண்மை தெரியும்.

யாவாக் குருவியின் பிற்கால வரலாறும் இதனோடு சேர்ந்ததே. சகோதரிகளைப் போலக் கூட்டிலே பிறந்தவற்றோடு நில்லாமல், அதன் தாயகமான யாவா, பாலித் தீவுகளிற் காட்டுக் குருவிகளை வலைபோட்டுப் பிடித்து விற்றுவந்தார்கள். ஒருகாலத்தில் வயல்களை மூடிய பறவை அங்கே அருகிப்போனது. 1997 இலே அதன் சர்வதேச வணிகம் உடன்படிக்கையினாற் கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே முதன்முதலாகக் குருவி வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி விலையைப் பற்றியதன்று, "இது கூட்டிலே பிறந்ததா, காட்டிலே பிடித்ததா?" என்பதே.

கிழமை முடிந்தது. சகோதரிகளின் கதையையும் சோசெகியின் கதையையும் மகளுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அந்தக் குருவிக்குச் சோடி இருந்திருந்தால் செத்திருக்காதோ அப்பா?" என்று கேட்டாள். "கூடி இருந்தால் தனிமை தீரும் பிள்ளை, பசி தீராது" என்றேன்.

நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கூடு வாங்குமுன் முப்பது நாட்களுக்கு, முற்றத்துச் சுவரிலே ஒரு சிரட்டையில் தண்ணீரும் மற்றொன்றில் ஒரு பிடி சாமையும் ஒரு நாளும் தவறாது வைக்க வேண்டும். காலை அவள் முறை, மாலை என் முறை. அடைக்காத குருவிகளுக்கு இதனைச் செய்ய முடியுமாயின், அடைத்தவற்றுக்கும் செய்ய முடியும். இன்று பத்தொன்பதாம் நாள். இரண்டு தடவை தண்ணீர்ச் சிரட்டை காய்ந்து கிடந்தது. அந்த இரண்டு நாளும் மாலை முறையே தவறியது.

கூடு இன்னும் வாங்கவில்லை.