தொலைவில் படித்தவர்களும் அவர்களுக்காகக் கூடிய சங்கங்களும்



நான் பண்டார் தெங்காராவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஜொகூர் மாநிலத்தில், சுற்றிலும் செம்பனை மரங்கள் சூழ்ந்த சின்ன ஊர் இது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைக்கப்பட்ட கெஜோரா என்னும் ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய நகரங்களில் ஒன்று. இங்கே இருந்துகொண்டு, வேலையையும் விடாமல், மேற்கொண்டு படிக்கணும் என்றால் தொலைக்கல்விதான் பலருக்கும் கைகொடுக்கிறது. பட்டமேற்படிப்பு டிப்ளோமாவை நானும் அப்படித்தான் முடித்தேன்.

அப்போது இந்த வட்டாரத்தில் எங்களில் ஆறு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். மூத்த ஆசிரியையான ஓர் அக்காதான் அதை இழுத்துக்கொண்டு போனார். பழைய தேர்வுத்தாள், இடுபணிக் குறிப்பு, வகுப்பு நாள் எல்லாம் அவர் கையில் இருந்தன. அவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றம் வந்தது. மூன்றே மாதத்தில் குழு அடங்கிப் போனது. அடுத்து படிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று. யார் மீதும் குற்றமில்லை. நாங்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் ஒப்படைக்கவில்லை, அவ்வளவுதான்.

தொலைக்கல்வி வரலாற்றைப் படித்தபோது, இதே சிக்கல் உலக அளவிலும் இருந்தது என்று புரிந்தது. பல்கலைக்கழகம் பாடத்தையும் பட்டத்தையும் தரும். ஆனால், தொலைவில் கற்பிப்பவர்களின் அனுபவத்தைக் காத்து, அடுத்தவரிடம் கொடுத்து, அந்தப் பட்டத்துக்கு மதிப்புத் தேடித் தருவதற்குச் சங்கம் வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அஞ்சலில் தொடங்கிய படிப்பு

1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு அஞ்சல் அனுப்பும் முறை வந்தது. ஐசக் பிட்மன் என்பவர் அதைப் பயன்படுத்தி, சுருக்கெழுத்துப் பாடத்தை அஞ்சலில் நடத்தினார். மாணவர் எழுதி அனுப்புவார். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இன்றைய இடுபணிக்கு அதுவே முன்னோடி. 1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம், தன்னிடம் வந்து படிக்காதவர்களும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது.

இந்தியாவில் 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் பின்னர் இந்த வழியில் வந்தன. இலங்கையில் 1980-இல் திறந்த பல்கலைக்கழகம் அமைந்தது.

1971 பினாங்கு

நம் நாட்டில் இதைத் தொடங்கி வைத்தது பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1969-இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம், 1971-இலேயே வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பட்டப்படிப்பை நடத்தத் தொடங்கிவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே 1971-இல்தான். ஆக, இதில் நாம் உலகத்துக்குப் பின்னால் நின்றவர்கள் இல்லை.

ஆனால், ஒரு நிபந்தனை இருந்தது. பல ஆண்டுகள் வீட்டிலிருந்து படித்தவர், கடைசி ஆண்டில் பினாங்கு வளாகத்துக்கே வந்து முழுநேரமாகப் படிக்க வேண்டும். ஜொகூரில் வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு விடுப்பு எடுத்து, குடும்பத்தை விட்டு, நாட்டின் தென்கோடியிலிருந்து வடக்கே போக வேண்டும். வளாகத்தில் உட்கார்ந்து படித்தால்தான் முழுமையான படிப்பு என்ற எண்ணம் அக்காலத்தில் எவ்வளவு அழுத்தமாக இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று. பிற்காலத்தில் அந்த நிபந்தனை நீங்கியது.

2000-இல் பதினொரு அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின்கீழ் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. 2001-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். 2006-இல் பினாங்கில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது.

சங்கம் எதற்கு?

தொடக்கக் காலத்தில் தொலைக்கல்வி நடத்தியவர்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, தனிமை. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு பிரிவுதான் இந்த வேலையைச் செய்யும். தங்கள் சிக்கலைப் பேச அருகில் ஆள் இருக்காது. இரண்டு, மதிப்பு. "தபால்ல படிச்ச டிகிரியா?" என்ற கேள்வி எல்லா நாட்டிலும் கேட்டது. இங்கேயும் சில வேளை கேட்கிறது, இல்லீங்களா?

இதற்கு விடையாக 1938-இல் கனடாவின் விக்டோரியா நகரில் ஓர் அனைத்துலக மாநாடு கூடியது. அஞ்சல்வழிக் கல்விக்கான அனைத்துலக மன்றம் அங்கே பிறந்தது. அடுத்த முக்கிய எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியா. பரந்த நாடு, பண்ணைகளில் சிதறி வாழும் மக்கள். 1955 முதல் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் வெளிமாணவர்களுக்குப் பாடம் நடத்தியது. வளாக மாணவர்களுக்குக் கற்பித்த அதே விரிவுரையாளர்களே வெளிமாணவர்களுக்கும் கற்பித்தார்கள், ஒரே தேர்வையே வைத்தார்கள். தரம் குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு அது நல்ல விடை.

இப்படிப் பல பல்கலைக்கழகங்களில் சிதறிக் கிடந்தவர்கள் 1973-இல் ஆஸ்திரேலிய, தென் பசிபிக் வெளிநிலைப் படிப்புச் சங்கத்தை அமைத்தார்கள். தென் பசிபிக் தீவுகளையும் சேர்த்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. சிறியவர்கள் தனியாகச் சங்கம் நடத்துவது சிரமம். 1980-இல் அச்சங்கம் ஓர் ஆய்விதழைத் தொடங்கியது. அந்த இதழ் இன்றும் வருகிறது. சங்கத்தில் எத்தனையோ தலைவர்கள் வந்து போனார்கள். அவர்கள் கற்றதெல்லாம் அச்சில் நின்றது.

ஆசியாவில் 1987-இல் ஆசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டு, 1988-இல், காமன்வெல்த் நாடுகள் கனடாவின் வான்கூவர் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு காமன்வெல்த் கற்றல் அமைப்பை நிறுவின. இது அரசுகளின் அமைப்பு, சங்கம் அன்று. ஆனாலும் நோக்கம் நெருக்கமானது.

பெயர் மாறினால் பொருளும் மாறும்

தமிழாசிரியர்களுக்குப் பிடித்த பகுதி இது. 1938-இல் தோன்றிய மன்றம், 1982-இல் தன் பெயரில் இருந்த 'அஞ்சல்வழி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தொலைநிலை' என்ற சொல்லைச் சேர்த்தது. ஆஸ்திரேலியச் சங்கம் 1993-இல் 'வெளிநிலைப் படிப்பு' என்பதைக் கைவிட்டு, 'திறந்தநிலை, தொலைநிலைக் கற்றல்' என்று மாற்றிக்கொண்டது.

அஞ்சல்வழி என்றால் கருவியைச் சொல்கிறோம். வெளிநிலை என்றால் மாணவர் வெளியே நிற்பவர் என்று ஆகிறது. திறந்தநிலைக் கற்றல் என்றால் கதவு திறந்திருக்கிறது, கற்பவரே நடுவில் இருக்கிறார். தமிழிலும் இதே நடை நடந்திருக்கிறது: அஞ்சல்வழிக் கல்வி, தொலைதூரக் கல்வி, தொலைநிலைக் கல்வி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தமிழ்நாடு 2002-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரிலும் 'திறந்தநிலை' இருக்கிறது. மாணவர்களே, சொல்வளம் பற்றிக் கட்டுரை எழுதும்போது இந்த வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நமக்கு நெருக்கமான இருவர்

மலேசியரான கஜராஜ் தனராஜன், ஹாங்காங் திறந்தநிலைக் கற்றல் கழகத்துக்குத் தலைமையேற்றவர். 1995 முதல் 2004 வரை காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவராக இருந்தார். பிறகு நாடு திரும்பி, வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். வெளியே கற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம்.

மற்றவர் வா.செ. குழந்தைசாமி. நீரியல் பொறியாளர், கவிஞர், திருக்குறள் ஆய்வாளர். 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. உலகின் எந்த மூலையில் இருக்கும் தமிழரும் தமிழ் படிக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வடிவம் கொடுத்தது. நம்மில் பலரும் பாடம் தயாரிக்கும்போது திறந்து பார்க்கும் மின்னூலகம் அதன் பயன்தான்.

நடத்துவதுதான் கடினம்

சங்கம் தொடங்குவது எளிது, நடத்துவதுதான் கடினம். மலேசியாவில் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஏழு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்தால் அது சங்கம். பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் செயலவையினர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு போன்றவற்றைச் சங்கப் பதிவிலாகாவிடம் கொடுக்க வேண்டும். பலருக்கு இது வெறும் பாரம் வேலையாகத் தெரியும். ஆனால், யார் பொறுப்பில் இருந்தார், பணம் எங்கே போனது, என்ன முடிவு எடுத்தார்கள் என்பதை அடுத்த தலைமுறை அறிய இதுதான் வழி.

தொலைக்கல்விச் சங்கத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உறுப்பினர்கள் நாடு முழுதும் சிதறி இருப்பார்கள். எல்லாக் கூட்டத்தையும் தலைநகரில் வைத்தால், தொலைவுக்காகவே பிறந்த சங்கம் தொலைவில் இருப்பவரை ஒதுக்கிவிடும். அதனால்தான் ஆசியச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டை வெவ்வேறு நாடுகளில் நடத்துகிறது. செயலகப் பொறுப்பும் உறுப்புப் பல்கலைக்கழகங்களிடையே மாறி மாறி வருகிறது. வேலை ஒருவர் தோளிலேயே தங்குவதில்லை.

எங்கள் ஆறு பேர் குழுவுக்கு இல்லாமல் போனது அதுதான். இப்போது புதிதாகச் சேர்ந்தவர்களுடன் மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். குறிப்புகள் எல்லாம் பொதுக் கோப்பில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருவர் பொறுப்பேற்கிறார். ஒப்படைக்கும்போது ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். சின்ன ஏற்பாடுதான். உங்கள் ஊரில் மேற்படிப்பு படிக்கும் ஆசிரியர்கள் இருந்தால், நீங்களும் செய்து பாருங்கள்.

வகுப்பில் கலந்துரையாட:

1. 'அஞ்சல்வழிக் கல்வி' என்பதற்கும் 'திறந்தநிலைக் கற்றல்' என்பதற்கும் உள்ள பொருள் வேறுபாட்டை விளக்குக.
2. 1971-இல் ஜொகூரிலிருந்து பினாங்குப் பல்கலைக்கழகத்தில் தொலைவில் படித்த ஒருவர் சந்தித்திருக்கக்கூடிய மூன்று சிரமங்களைக் கூறுக.
3. உங்கள் பள்ளித் தமிழ்க் கழகத்தின் செயலாளராக நீங்கள் விலகும்போது, அடுத்தவரிடம் எவற்றை ஒப்படைப்பீர்கள்? பட்டியலிட்டு, காரணம் எழுதுக.