நிறுத்திய பின்னும் நிற்காத மின்சாரம்

விசையை நிறுத்தியதும் விளக்கு அணைகிறது. மின்விசிறி மெல்லச் சுழன்று ஓய்கிறது. இதைக் கண்டு பழகிய நமக்கு, விசையை நிறுத்திவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்னும் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வீட்டு விளக்கைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியே. ஆனால் நூற்பாலையிலோ காகித ஆலையிலோ மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைத் திறப்பவர் இவ்வாறு எண்ணினால், அது அவர் உயிருக்கே உலையாக முடியும். ‘மின்சாரத்தை நிறுத்திய பின் ஐந்து நிமிடம் காத்திருந்து திறக்கவும்’ என்ற எச்சரிக்கை இத்தகைய பெட்டிகள் பலவற்றின் மூடியில் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

இணைப்பு துண்டிக்கப்பட்ட பின் மின்சாரம் எங்கே ஒளிந்திருக்கிறது? இதற்கு விடை காண நாம் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும்.

குப்பிக்குள் அடைபட்ட மின்சாரம்

அக்காலத்தில் மின்சாரம் என்றால், கண்ணாடி உருண்டையைச் சுழற்றித் தேய்த்து எழுப்பும் சிறு பொறியே. தேய்ப்பதை நிறுத்தினால் சற்று நேரத்தில் அது மறைந்துவிடும். இதைச் சேமித்து வைக்க முடியுமா எனப் பலரும் ஆராய்ந்தனர். 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பொமரேனியாவில் சமயப் பணியில் இருந்த எவால்டு வான் கிளைஸ்ட் என்பவர், மருந்துக் குப்பியில் ஓர் ஆணியைச் செருகி, குப்பியைக் கையில் பிடித்தபடி மின் எந்திரத்துடன் அதை இணைத்தார். பிறகு எந்திரத்திலிருந்து அகற்றி, மறு கையால் ஆணியைத் தொட்டபோது கடும் அதிர்ச்சிக்கு ஆளானார்.

சில மாதங்களில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரிலும் இதே நிகழ்ச்சி நடந்தது. பேராசிரியர் முஷன்புரூக்கின் ஆய்வுக்கூடத்திற்கு வந்துபோகும் குனேயஸ் என்ற வழக்கறிஞர்தாம் அங்கு முதலில் அதிர்ச்சி கண்டவர். பிறகு முஷன்புரூக்கே செய்து பார்த்தார். 1746-ஆம் ஆண்டு சனவரியில் பாரிஸ் அறிஞர் ரேயோமூருக்கு எழுதிய கடிதத்தில், பிரெஞ்சு அரசையே கொடுத்தாலும் இச்சோதனையை மறுமுறை செய்யப் போவதில்லை என்னும் பொருள்பட அவர் குறிப்பிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிளைஸ்டுக்கு அதிர்ச்சி நேர்ந்தபோது குப்பி எந்திரத்துடன் இணைந்திருக்கவில்லை. குப்பி தனியே கையில் இருந்தது. மூலத்திலிருந்து பிரிந்த பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை இது உணர்த்தியது. ‘லெய்டன் சாடி’ எனப் பெயர் பெற்ற அக்குப்பியே உலகின் முதல் மின்தேக்கி. இன்று ‘கண்டென்சர்’ அல்லது ‘கெப்பாசிட்டர்’ என்று பட்டறைகளில் வழங்குவது அதன் வழித்தோன்றலே.

பிராங்க்ளினும் வான்கோழியும்

சாடி விரைவில் வேடிக்கைப் பொருளாயிற்று. பிரான்சில் ஆபே நோலே என்பவர், பதினைந்தாம் லூயி மன்னர் முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கச் செய்து, சாடியின் மின்சாரத்தை அவர்கள் வழியே பாய்ச்சினார். அனைவரும் ஒருங்கே துள்ளினர், அவையோர் மகிழ்ந்தனர்.

ஆனால் சாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்தால், வேடிக்கை வினையாகிவிடும். இதை உணர்ந்தவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1750-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, நண்பர்கள் சூழ்ந்திருக்க, ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொல்ல அவர் முனைந்தார். சாதாரணச் சாடிகள் நாற்பதுக்கு நிகரான மின்சாரத்தை இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகளில் ஏற்றியிருந்தார். அவற்றின் வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலி அவர் ஒரு கையில் இருந்தது. மறு கை, தவறுதலாக மேல் கம்பிகளைத் தொட்டுவிட்டது.

துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழுந்ததாகவும், பெரும் ஒளி தோன்றியதாகவும் உடனிருந்தோர் கூறினர். பிராங்க்ளின் அவ்வொளியைக் காணவுமில்லை, ஓசையைக் கேட்கவுமில்லை. தலைமுதல் கால்வரை ஓர் அடி விழுந்ததை மட்டும் உணர்ந்தார். உடல் வெகுவாக நடுங்கியது. கைகளிலும் பிடரியிலும் ஏற்பட்ட மரமரப்பு மறுநாள் காலைவரை நீடித்தது. சுற்றியிருந்தோர் பேசிக்கொண்டிருந்ததால் தம் கவனம் சிதறியிருக்கலாம் என்று இரு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் அவர் குறித்தார். பௌடின் என்ற நண்பருக்கு எச்சரிக்கையாக இதைத் தெரிவிக்கலாம் என்றும், தமக்கு வெட்கமாக இருப்பதால் பலரறியப் பரப்ப வேண்டாம் என்றும் அதில் கேட்டுக்கொண்டார்.

இன்றைய பாதுகாப்புப் பாடங்கள் மூன்று இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாயும் மின்சாரம் மார்பைக் கடந்து செல்கிறது. ஆகவேதான் மின்னழுத்தத்தை அளக்கும்போது ஒரு கையை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். வேலை செய்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாகாது என்பது இரண்டாவது. தப்பிப் பிழைத்த விபத்தை மூடி மறைக்கலாகாது என்பது மூன்றாவது. வெட்கத்தால் மறைக்கப்பட்ட விபத்து, அடுத்தவருக்கு எச்சரிக்கையாகாமல் போகிறது.

வெளியேற்றிய பின் மீண்டும்

சாடி மற்றொரு வியப்பையும் காட்டியது. அதன் மின்சாரத்தை முற்றும் வெளியேற்றி, சற்று நேரம் விட்டுவைத்துத் தொட்டால், மீண்டும் ஒரு சிறு அதிர்ச்சி! ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கோல்ராஷ் இதை முறையாக அளந்து 1854-இல் வெளியிட்டார். இரு உலோகத் தகடுகளுக்கிடையே உள்ள கண்ணாடி, மின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தன்னுள் உறிஞ்சி வைத்திருக்கிறது. தகடுகளை ஒரு கணம் இணைத்து எடுத்தால், உறிஞ்சியது மெல்லக் கசிந்து வந்து மறுபடி மின்னழுத்தத்தை எழுப்புகிறது. இன்றைய மின்தேக்கிகளிலும் இக்குணம் உண்டு. ஆகவே பெரிய மின்தேக்கியை ஒருமுறை வெளியேற்றியது போதாது. அதன் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, வேலை முடியும்வரை அப்படியே விட்டுவைப்பது வழக்கம்.

இன்றைய ஆலையில்

மேலே கண்ட மோட்டார் பெட்டிக்கு வருவோம். மூவலை மின்சாரத்தின் 415 வோல்ட், அதனுள் நேர்மின்னோட்டமாக மாற்றப்படும்போது ஏறத்தாழ 585 வோல்ட்டாகிறது. அங்குள்ள மின்தேக்கிகளின் மொத்தக் கொள்ளளவு 2000 மைக்ரோபாரடு எனக் கொள்வோம். அவற்றில் தேங்கும் ஆற்றல் சுமார் 340 ஜூல். முப்பத்தைந்து கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் ஆற்றல் இது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குபடுத்த மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த கருவிகளின் உச்ச அளவு 360 ஜூல் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த ஆற்றலைக் கசியவிடவே மின்தேக்கிக்குக் குறுக்கே ஒரு மின்தடையைப் பொருத்துகிறார்கள். அது 50,000 ஓம் ஆனால், நிறுத்திய ஒரு நிமிடத்திற்குப் பின்னும் 320 வோல்ட் எஞ்சியிருக்கும். ஐந்து நிமிடத்தில்தான் சுமார் 29 வோல்ட்டாகக் குறையும். மூடியில் எழுதிய ஐந்து நிமிடத்தின் பொருள் இதுவே. ஆனால் பழுதுக்கு வந்த பெட்டியில் அந்த மின்தடையே எரிந்து போயிருக்கலாமல்லவா? அப்போது ஐந்து நிமிடம் காத்தாலும் பயனில்லை. காத்திருப்பது முதல் படி. அளந்து பார்ப்பதே முடிவான படி.

எவ்வளவு மின்னோட்டம் தீங்கு தரும்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார். கையில் பற்றிய கம்பியைத் தாமே விட முடிகிற உச்ச மின்னோட்டம், ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியர் எனக் கண்டார். நூறு வாட் குண்டு விளக்கில் ஓடுவது இதைப்போல் பல மடங்கு. தரைக்குக் கசியும் மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் அவர் 1960-களில் உருவாக்கினார்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இத்தகைய கருவிகளும், ஃபியூசும், மின்துண்டிப்பானும் மின்சாரம் வரும் வழியில் நிற்கும் காவலர்களே. பெட்டிக்குள் முன்பே தேங்கிவிட்ட மின்சாரத்தின்மீது அவற்றுக்கு அதிகாரமில்லை. அங்கே காவல், பழுதுபார்ப்பவரின் பழக்கமே.

விதிநூலில்

அனுபவம் கற்பித்தவை பின்னர் விதிகளாயின. எந்த மின்கடத்தியையும் கையாளுமுன், நிலத்துடன் இணைத்தோ வேறு தக்க முறையிலோ அதன் மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கட்டளையிட்டன. 2010-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இக்கட்டளை தொடர்ந்தது. அமெரிக்காவில் 1989-இல் வெளியான விதி, பழுதுபார்க்கும் எந்திரத்தின் விசைக்குப் பூட்டுப் போட வேண்டும் என்றதோடு, தேங்கிய ஆற்றலையும் போக்க வேண்டும் என்றது.

இவ்வளவும் பழுதுபார்ப்பவரின் கையில் சில படிகளாகச் சுருங்குகின்றன. இணைப்பைத் துண்டித்து விசையைப் பூட்டுக. சாவி தம் சட்டைப் பையில் இருக்கட்டும். குறித்த நேரம் காத்திருக்க. அளவுமானி சரியாக இருப்பதைத் தெரிந்த மின்மூலத்தில் சோதித்து, பின் மின்தேக்கியை அளந்து, மீண்டும் மானியைச் சோதிக்க. மின்சாரம் எஞ்சியிருந்தால், காப்பிட்ட பிடியுடைய தக்க மின்தடை வழியே வெளியேற்றுக. திருப்புளியை வைத்துப் பொறி பறக்கச் செய்யும் பழக்கம் கண்ணுக்கும் கருவிக்கும் கேடு. பின் முனைகளை இணைத்துவைத்து வேலை தொடங்குக. அருகில் இன்னொருவர் இருக்கட்டும்.

‘நிறுத்திவிட்டேன்’ என்பது வேறு. ‘மின்சாரம் இல்லை’ என்பது வேறு. முதலாவதை விசை சொல்லும். இரண்டாவதை அளவுமானி மட்டுமே சொல்லும்.