வீட்டுக் கோழிகளில் உருமாறும் பறவைக் காய்ச்சல் கிருமி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கம்பத்துக் கோழி வளர்ப்பது பழைய வழக்கம். முட்டைக்கும் கறிக்கும் கோயில் படையலுக்கும் அவை உதவுகின்றன. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் இக்கோழிகள் காட்டுப் பறவைகளோடும் அண்டை வீட்டுக் கோழிகளோடும் கலந்து மேய்கின்றன. பறவைக் காய்ச்சல் கிருமி நுழைய இதுவே வழி.

கிருமி ஏன் மாறுகிறது?

இன்ஃபுளுவென்சா ஏ கிருமியின் மரபுப்பொருள் 8 ஆர்.என்.ஏ. துண்டுகளால் ஆனது. அது பெருகும்போது நேரும் படியெடுப்புப் பிழைகள் திருத்தப்படுவதில்லை. பிழைகள் சேரச் சேரக் கிருமி மெல்ல மாறுகிறது. ஒரே பறவையை இரு வகைக் கிருமிகள் ஒரே நேரத்தில் தொற்றினால், துண்டுகள் இடம் மாறிப் புதிய கலப்பும் பிறக்கலாம். கோழியையும் வாத்தையும் ஒன்றாக அடைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

எச்5, எச்7 வகைகள் கோழிகளிடையே பரவும்போது கொடியவையாக மாறக்கூடும். கிருமியின் மேற்புறப் புரதத்தில் ஓரிடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடினால் போதும். மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டும் பெருகிய கிருமி, உடல் முழுவதும் பரவிக் கோழியைக் கொன்றுவிடும்.

மலேசியாவில்

இன்று உலகைச் சுற்றும் கொடிய எச்5என்1 கிருமியின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டோங்கில் கண்டறியப்பட்டது. 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றியது. 6 பேர் இறந்தனர்.

மலேசியாவில் 2004 ஆகஸ்டில், கிளந்தான் தும்பாட் மாவட்டத்தின் பாசிர் பெக்கான் கம்பத்துக் கோழிகளில் முதலில் தென்பட்டது. 2006, 2007, 2017 ஆண்டுகளிலும் தீபகற்பத்தில் தலைகாட்டியது. 2004இன் கிருமி தாய்லாந்து, வியட்நாமில் பரவிய கிளையைச் சேர்ந்தது. 2006இல் வந்தது வேறு கிளை. பழைய கிருமி இங்கேயே தங்கி மாறவில்லை, வெளியிலிருந்து புதிதாக நுழைந்தது என்பதை மரபணு ஆய்வு இப்படிக் காட்டுகிறது.

வளர்ப்போர் கவனத்திற்கு

வெளியூரிலிருந்து வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனிக்கூண்டில் வைக்க வேண்டும். கிருமி கூண்டிலும் காலணியிலும் ஒட்டி வரும் என்பதால் அவற்றையும் கழுவ வேண்டும். கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் செத்தால் அது வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடச் சோதனையில்தான் உறுதியாகத் தெரியும். ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகம் அத்தகைய சோதனைகளைச் செய்கிறது.

நோயுற்ற கோழியை நட்டத்துக்குப் பயந்து விற்பதும் அறுத்துப் பங்கிடுவதும் ஆபத்து. அறுப்பவருக்கும் இறகு பறிப்பவருக்கும்தான் தொற்று எளிதில் வரும். செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி வைத்து, மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.