கரண்டா, பெட்ரோலா?

பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். "கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருக்குண்ணே. கழட்டி ஊதி விட்டாப் போதும்." நான் தலையாட்டிவிட்டுச் சாவியைப் போட்டு அம்மீட்டர் முள்ளைப் பார்ப்பேன். கார்புரேட்டர் பக்கம் கை போகாது. எழுபதுகளில் புதுப்பேட்டையில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கிற பையனாக நான் சேர்ந்தபோது எங்கள் மேஸ்திரி போட்ட முதல் சட்டம் அது: "முதல்ல கரண்டப் பாருடா. பெட்ரோல் எங்கயும் ஓடிடாது."

இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: கம்ப்ரஷன், சரியான கலவை, சரியான நேரத்தில் பொறி. கம்ப்ரஷன் இருக்கிறதா என்பதைக் கிக்கர்மேல் வைத்த காலே சொல்லிவிடும். மற்ற இரண்டும்தான் ஒன்றின் வேடத்தை மற்றது போட்டுக்கொண்டு ஆளை ஏய்க்கும். பொறி பலவீனமானால் உள்ளே போன பெட்ரோல் எரியாமல் பிளக் நனைந்து கறுக்கும். பார்க்கிறவர் 'ஓவர்ஃப்ளோ' என்பார். கலவை மெலிந்தால் வண்டி வெட்டி வெட்டி ஓடும். கேட்கிறவர் 'பாயிண்ட் மிஸ்ஸிங்' என்பார்.

இரண்டும் வேறு வேறு பட்டறைகளில் பிறந்தவை. மிதவையும் ஜெட்டும் வைத்துப் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் கொண்டுவந்தார். ராபர்ட் பாஷ் 1897-இல் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மாக்னெட்டோவைப் பொருத்திக் காட்டினார். 1902-இல் அவருடைய பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் தந்தார். 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங், பேட்டரியும் காயிலும், காயிலின் கரண்டை வெட்டிப் பொறி எழுப்பும் பாயிண்ட்டும் சேர்ந்த முறையைக் காடிலாக் கார்களுக்குக் கொடுத்தார். புதுப்பேட்டைக்கு வந்த பழைய வண்டிகள் எல்லாம் இந்த இரண்டு வம்சங்களில் ஒன்றைச் சேர்ந்தவைதான்: மாக்னெட்டோ வண்டி, காயில் வண்டி.

மாக்னெட்டோ வண்டிகள் மூத்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட பி.எஸ்.ஏ. எம்20 போன்றவை அந்த ரகம். அவற்றுக்குப் பொறி கொடுக்க பேட்டரி தேவையில்லை. ஆனால் அவற்றுக்கே உரிய ஒரு சீக்கு உண்டு. காலையில் ஒரே உதையில் எழுந்துகொள்ளும். சூடேறி ஒருமுறை நின்றுவிட்டால் ஆறுகிறவரை என்ன உதைத்தாலும் அசையாது. மாக்னெட்டோவின் கண்டன்சர், சுழலும் ஆர்மேச்சருக்குள்ளேயே பொதிந்திருக்கும். சூட்டில் அது தளர்ந்தால் பொறியும் தளரும். அதை மாற்ற மாக்னெட்டோவையே பிரித்தாக வேண்டும். பாவம், எத்தனையோ பேர் அதற்குள் கார்புரேட்டரைப் பத்து முறை கழுவியிருப்பார்கள்.

காயில் வம்சத்தை ஊருக்கெல்லாம் பழக்கியது புல்லட். 1952-இல் இந்திய ராணுவம் மெட்ராஸ் மோட்டார்ஸிடம் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து அவை அடுத்த ஆண்டு வந்திறங்கின. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலை 1956-இல் திறந்தது. கப்பலில் வந்த பாகங்களைக் கோத்து அந்த ஆண்டு முடிவதற்குள் 163 புல்லட்டுகளை வெளியே அனுப்பியது. பிறகு பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1977-இல் திருவொற்றியூரிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். மெக்கானிக்குக் கிடைத்த லாபத்தை யாரும் சொல்வதில்லை. 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் அரை நூற்றாண்டு காலம் அடிப்படையில் மாறவில்லை. 6 வோல்ட் 12 வோல்ட்டானது, அமால் கார்புரேட்டர் போய் மிகுனி தொழில்நுட்பத்தில் செய்த மிக்கார்ப் வந்தது, அவ்வளவுதான். அறுபதாம் வருஷத்து வண்டிக்கு வந்த சீக்கு தொண்ணூறாம் வருஷத்து வண்டிக்கும் அப்படியே வந்தது. மேஸ்திரி சொன்னதைப் பையன் பிடித்துக்கொண்டான். அந்தப் பையன் மேஸ்திரியானபோதும் அது செல்லுபடியானது. வண்டி மாறாமல் இருந்ததால்தான் அறிவு சேர்ந்தது.

கருவி என்று எங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபீலர் கேஜ் ஷெட்டுக்கு ஒன்று இருந்தால் அதிகம். ஆனால் புல்லட்டின் ஹெட்லைட் தலைமேலேயே ஒரு கருவியைப் பதித்து அனுப்பியிருந்தார்கள். பேட்டரி சார்ஜைக் காட்ட வைத்த அம்மீட்டரை நாங்கள் பாயிண்ட்டைப் பார்க்கும் கண்ணாக ஆக்கிக்கொண்டோம். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கினால் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும்; திறந்ததும் நடுவுக்கு வரும். முள் ஆடினால் பேட்டரி, வயர், காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் எல்லாவற்றிலும் கரண்ட் ஓடுகிறது. ஆடாமல் நடுவிலேயே நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் முகத்தில் அழுக்கு. மைனஸிலேயே ஒட்டிக்கொண்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட். ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பாதி வயரிங்கைப் பார்த்தாகிவிட்டது.

புல்லட்காரர்கள் சடங்குபோலச் செய்யும் ஸ்டார்ட்டிங் முறையும் இதே முள்ளை நம்பியதுதான். முள் நடுவுக்கு வரும்வரை அமுக்கி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு உதைக்க வேண்டும். பிஸ்டன் உச்சியை நெருங்கியதற்கு முள்தான் சாட்சி. டைமிங் முன்னேறிக் கிடக்கும் வண்டியில் இந்த ஒழுங்கும் காப்பாற்றாது. கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பிளக். பத்து உதைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பொறியைச் சந்தேகிக்கலாம். பிளக்கை ஹெட்டில் சாய்த்து உதைத்துப் பொறி தெரிந்ததும் 'கரண்ட் ஓகே' என்று முடிவுகட்டுகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். வெளிக்காற்றில் தாவுகிற பொறி, சிலிண்டருக்குள் அமுங்கிய கலவையில் தாவும் என்று நிச்சயமில்லை. பிளக்கை விட்டுவிட்டு வயர் முனையை ஃபின்னிலிருந்து அரை விரல் தள்ளிப் பிடித்து உதைக்கச் சொல்வார் மேஸ்திரி. நீலமாக, 'டிக்' என்ற சத்தத்தோடு தாவினால் சரி. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் சிலிண்டருக்குப் பின்னாலிருக்கும் பாயிண்ட் மூடியைத் திற.

அங்கே இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேமின்மேல் உரசும் ஃபைபர் தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும். சுருங்கச் சுருங்க டைமிங் பின்னால் போகும். யாரும் எதையும் தொடாமலேயே வண்டி இழுவை குறைந்து சூடாகும். உடனே 'ஜெட்டை மாத்துங்க' என்பார்கள். பாயிண்ட் திறக்கும்போது முகத்தில் கொழுத்த நீலப் பொறி பறந்தால் கண்டன்சர் முடிந்தது. பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்க சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவே செருகி இழுப்போம். தாள் எந்த இடத்தில் நழுவுகிறதோ அங்கே டைமிங்.

கரண்டை முதலில் பார்ப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. மின்சாரத்தைச் சோதிப்பதால் அது மாறுவதில்லை. கார்புரேட்டர் அப்படியல்ல. கழற்றினால் குடுவையில் இருந்த தண்ணீர்த் துளி கொட்டிப்போகும். ஏர் ஸ்க்ரூ நகரும். அடைத்திருந்த தூசி ஊதுகிற ஊதலில் பறந்துவிடும். கோளாறு போகாவிட்டால், அது முதலில் இருந்ததா, நாம் கொண்டுவந்ததா என்று பிறகு சொல்லவே முடியாது. தடயத்தை அழிக்கிற சோதனையைக் கடைசியில் வைத்தார்கள் பழையவர்கள்.

இந்த வரிசைக்கு நல்ல பரீட்சை, டீக்கடை சீக்கு. வண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும். டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். மறுபடி அதே தூரத்தில் நிற்கும். சூட்டில் தளரும் கண்டன்சரோ காயிலோ இப்படிச் செய்யும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இப்படியேதான் செய்யும்: காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் இறங்காது. நின்ற இடத்திலேயே, ஆறவிடாமல் மூடியைத் திறக்க வேண்டும். 'புஸ்' என்று காற்று இழுத்து, அடுத்த சில உதைகளில் வண்டி எழுந்தால் பெட்ரோல் பக்கம். எழாவிட்டால் கரண்ட்.

பெட்ரோல் பக்கம் என்று உறுதியான பிறகும் ஆக்ஸிலரேட்டர் பிடியில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்போம். முதல் அரைக்கால் பங்கு திறப்பில் தடுமாறினால் ஸ்லோ ஜெட். கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். சோக் போட்டதும் நன்றாக ஓடினால் கலவை மெலிந்திருக்கிறது, ஒருவேளை மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு. அமாலைத் திருப்பித் திருப்பி இறுக்கியே ஃபிளாஞ்சை வளைத்துவைத்திருப்பார்கள்.

காலம் பெட்ரோலையும் மாற்றியது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலை எங்கள் மூக்கு பிடித்துவிடும். பிளக்கில் கரியும் படியும். 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் மட்டும் என்றானதும், பிளக் முகத்தின் நிறத்தை வைத்துக் கலவையைச் சொல்லப் பழகிய கண்கள் மறுபடி பழக வேண்டியிருந்தது. இப்போது 20 சதவீத எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்களை உப்பவைக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் 'அடைப்பு' என்று சொல்கிறவர் இன்று சில சமயம் சரியாகவே சொல்கிறார்.

பாயிண்ட்டின் காலம் எண்பதுகளிலேயே தேய ஆரம்பித்தது. ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சிசி வண்டிகள் மின்னணு இக்னிஷனைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. புல்லட் குடும்பத்தில் 2000-களின் தொடக்கத்து எலெக்ட்ரா அதை ஏற்றது. 2009-இல் கிளாசிக் 500 கார்புரேட்டரையே விட்டுவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததும் புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் அநேகமாக முடிந்தது.

என் ஷெட்டில் இருக்கும் பையன் ஸ்கேனரைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கிறான். பெட்ரோல் பக்கம் கைகாட்டுகிற எண் வந்தாலும், முதலில் பேட்டரி டெர்மினலை இறுக்கிப் பார் என்கிறேன். பழைய புல்லட்டில் பெட்ரோல் தன் எடையால் தானே இறங்கியது. கரண்டை அது கேட்கவில்லை. புது வண்டியில் டேங்குக்குள் இருக்கிற பம்ப் கரண்டில் ஓடுகிறது, இன்ஜெக்டரைத் திறப்பதும் கரண்ட். வோல்ட் குறைந்தால் பெட்ரோலும் குறைகிறது. மேஸ்திரியின் சட்டம் அன்றைக்கு வசதிக்காக வைத்த வரிசை. இன்றைக்கு வேறு வரிசைக்கே வழியில்லை.