மகாராஜா நந்தகுமாரர் வழக்கு

குற்றம் இன்னது, அதற்குரிய ஒறுப்பு இத்துணைத்து என்பன இன்று எழுதிய சட்டத்திற் காணக்கிடைக்கின்றன. எந்நாட்டுச் சட்டம் எவர்மேற் செல்லும் என்பதே தெளிவுபடாதிருந்த நாளில் ஒருவர் உயிரிழந்த வரலாற்றை நம் அன்பர்களுக்கு ஈண்டு உரைப்போம்.

1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பயனாக 1774இற் கல்கத்தாவில் சுப்ரீம் கோர்ட்டு நிறுவப்பெற்றது. சர் எலிஜா இம்பே அதன் தலைமை நீதிபதி. அவரொடு மூவர் இருந்தனர். 1775 மார்ச்சில் வங்காளத்துப் பெருநிலையினராகிய நந்தகுமாரர், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கைக்கூலி பெற்றாரென ஆலோசனைச் சபையில் முறையிட்டார். மே 6ஆம் நாள் முறையிட்டவரே சிறைப்பட்டார். அவர்மேற் சாட்டிய குற்றமோ வேறு: பல்லாண்டுகட்கு முன் புலாகிதாஸ் என்னும் சாகுகார் பேரிற் பொய்ப்பத்திரம் பிறப்பித்தார் என்பது.

இவ்விடத்தே குற்றத்தின் வகை ஆராயற்பாலது. வங்காளத்தில் அந்நாள் வழங்கிய முறைப்படி பொய்ப்பத்திரம் உயிர்த்தண்டனைக்குரியதன்று. இங்கிலாந்திலோ, இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்துச் சட்டமொன்றால் அது தூக்குக்குரியது. பத்திரத்தையும் உண்டியலையும் நம்பி வாணிகம் நடக்கும் லண்டன் மாநகர்க்கு ஏற்ற அச்சட்டம் கங்கைக்கரை மாந்தர்மேற் பாயுமோ? நீதிபதி சேம்பர்ஸ் ஐயுற்று, ஒறுப்புக் குறைந்த பழஞ்சட்டத்தின்கீழ் விசாரிக்கலாமென்றார், ஏனையோர் இசைந்திலர்.

ஜூன் 8ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. ஜூரர் பன்னிருவரும் கல்கத்தாவாழ் ஐரோப்பிய மரபினர். எதிரிக்கு வக்கீல் உண்டு. எனினும் அக்காலத்து ஆங்கில முறைப்படி, கொடுங்குற்ற வழக்கில் அவர் சாட்சிகளை வினவலாம், சட்ட நுணுக்கம் பேசலாம். நிகழ்ச்சியின் உண்மை பற்றி ஜூரரை நோக்கி வாதுரை நிகழ்த்தல் ஆகாது! நாவிருந்தும் பேசவொண்ணா வக்கீலால் என்ன பயன்? எதிரி தரப்புச் சாட்சிகளை நீதிபதிகளே குறுக்கு விசாரணை செய்தனர். 16ஆம் நாள் விடியற்காலை, குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

இனி அப்பீல். மன்னருடைய ஆலோசனை மன்றத்திற்கு அப்பீல் செல்ல அனுமதி தரவும் மறுக்கவும், தண்டனையை நிறுத்திவைக்கவும் அதே கோர்ட்டுக்கே அதிகாரமிருந்தது. தண்டித்தவரிடமே அனுமதி வேண்டி நிற்றல்! அனுமதி கிடைத்திலது. ஆகஸ்டு 5ஆம் நாள் நந்தகுமாரர் தூக்கிலிடப்பட்டார். அவர் பத்திரம் பொய்யோ மெய்யோ, நாம் அதனைத் துணியப் புகுந்திலம். விசாரித்த முறையே நம் உள்ளத்தை உறுத்துகின்றது. பின்னர் இம்பே மீது பார்லிமெண்டிற் குற்றச்சாட்டு எழுந்தது; 1788இற் காமன்ஸ் சபையார் அதனைத் தள்ளிவிட்டனர்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் மதிப்புடைய பத்திரத்தைப் பொய்யாகப் புனைதற்கு ஆயுள் தண்டனை வரை வகுத்தது, தூக்கினை வகுத்திலது. 2024 ஜூலை 1 முதல் வழங்கும் புதிய சட்டமும் அவ்வாறே. செஷன்ஸ் கோர்ட்டார் மரணதண்டனை விதிப்பின், எதிரி அப்பீல் செய்யாவிடினும், வழக்குக் கட்டு முழுதும் ஹைக்கோர்ட்டுக்குச் செல்லும். அங்கு உறுதிசெய்யப்பெற்றாலன்றித் தண்டனை நிறைவேறாது.