எக்சிஃப்டூல்

எக்சிஃப்டூல், படக் கோப்பின் தலைப்பகுதியில் பதிந்துள்ள விவரங்களைப் படிக்கவும் திருத்தவும் உதவும் கட்டளைவரி மென்பொருள். கனடாவின் ஃபில் ஹார்வி பெர்ல் மொழியில் எழுதி 2003-இல் வெளியிட்டார். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சொடுக்கப் பொத்தான் கிடையாது, தட்டச்சுதான்.

ஜேபெக் கோப்பின் தொடக்கத்தில், படத்துக்கு முன்னால், எக்சிஃப் பகுதி இருக்கும். கேமராவின் பெயர், எடுத்த நேரம், ஷட்டர் வேகம், ஃபோன் படமானால் பெரும்பாலும் ஜிபிஎஸ் இடக்குறிப்பு, எல்லாம் 64 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இவற்றைத் திருத்தும்போது படத்தை மீண்டும் சுருக்குவதில்லை, தரம் குறையாது. பழைய கோப்பும் 'ஒரிஜினல்' என்ற ஒட்டுடன் பக்கத்திலேயே தங்கும்.

அதிகம் உதவுவது நேரத் திருத்தத்தில். மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தை இரண்டு கேமராக்கள் எடுக்கின்றன, ஒன்றின் கடிகாரம் அரை மணி பின்தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரப்படி அடுக்கினால் தாலி கட்டும் முன்னே மாப்பிள்ளை அம்மி மிதிக்க வைப்பார். ஒரே வரிக் கட்டளையில் அந்தக் கேமராவின் படங்கள் அத்தனையையும் 30 நிமிடம் முன்தள்ளலாம். இன்னொரு குழப்பமும் உண்டு: காலை 9 மணிக்குச் செம்பூரில் எடுத்த படத்தில் ஜிபிஎஸ் நேரம் 3:30 என்றிருக்கும். அது பிழையல்ல, உலகப் பொது நேரம். கேமரா நேரம் எந்த மண்டலத்தது என்று குறிக்க எக்சிஃப் தரத்தில் இடம் வந்ததே 2016-இல்தான்.

தாராவியில் வீட்டோடு பட்டறை வைத்துத் தோல்பை தைப்பவர் சரக்கின் படத்தை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். இடக்குறிப்பை முன்கூட்டியே அழிப்பதும் எக்சிஃப்டூலில் ஒரு வரி வேலை.

இத்தனை எளிதாக மாறுவதாலேயே எக்சிஃப் தேதி தனித்து எதையும் நிரூபிக்காது. தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே இலவச மாற்று வீடு பெற, தரைத்தள வீடு 2000 ஜனவரி 1-க்குள் இருந்திருக்க வேண்டும். ஒரு படத்தில் 1999 என்று இன்றைக்கே எழுதிவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணைக் கேட்கிறது. தலைப்பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறும். ஆனால், ஹாஷ் எடுப்பதற்கு முன்பே திருத்தியிருந்தால் அது காட்டிக்கொடுக்காது.

2021-இல் எக்சிஃப்டூலிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது: சூதாகத் தயாரித்த டிஜேவியூ கோப்பைப் படிக்கவைத்தால், கணினியில் அந்நியர் கட்டளை ஓடும். பதிவேற்றப்படும் படங்களின் விவரங்களை அழிக்க எக்சிஃப்டூலைப் பயன்படுத்திய, நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் சர்வர்கள் தாக்கப்பட்டன. 12.24 பதிப்பில் ஓட்டை அடைபட்டது.